மெல்வினா வீட்டுக்கு அடியில் ஓவீட்

என் தம்பி ஓவீட்டுக்கு எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய வராது. கேட்க நல்ல குணம் மாதிரித்தான் இருக்கும். அறுபத்திரண்டு வருஷமாக அவனுக்கு அக்காவாக இருந்து பட்டவள் நான், அஸெலி. என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.

பதினைந்து வயதில் அப்பா அவனை ஒரு கோழிக்கூண்டு கட்டச் சொன்னார். இரண்டு மாதம் கட்டினான். அந்த வருஷம் அடித்த புயலில் எங்கள் வீட்டுக் கூரை முழுசாகப் பறந்து கரும்புத் தோட்டத்தில் போய் விழுந்தது. கோழிக்கூண்டில் ஒரு ஆணி அசையவில்லை. அம்மா, அப்பா, நாங்கள் நாலு பிள்ளைகள், எல்லோரும் இரண்டு நாள் கோழிகளோடு அந்தக் கூண்டுக்குள் குந்தியிருந்தோம். அவனைப் பாராட்டுவதா உதைப்பதா என்று தெரியாமல் அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தாறு வயதில் ப்ளான்ஷ் என்று ஒருத்தியைப் பேசி முடித்தோம். கட்டிக்கொண்டு வருகிறவளுக்கு ஒரு வீடு கட்டுகிறேன், வீடு முடிந்ததும் கல்யாணம் என்றான். தரைப் பலகை இழைக்கவே ஒரு வருஷம் ஆனது. நாலாவது வருஷம் வீடு முடிந்துவிட்டது என்று சொல்லப் போனபோது, ப்ளான்ஷ் ஒரு இறால் படகுக்காரனைக் கட்டிக்கொண்டு கையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக நின்றிருந்தாள். அந்த வீட்டில்தான் இவன் இன்றுவரை தனியாக இருக்கிறான். ஒரு கதவுகூடக் கிறீச்சிடாது.

பிழைப்பு, படகு எஞ்சின் பழுது பார்ப்பது. தெற்குக் கடலோரத்தில் இருக்கிற எங்கள் ஊர் பெல் ஆன்ஸில் இவனிடம் எஞ்சினைக் கொடுத்தவர்கள் இறால் பருவம் முடிந்துதான் திரும்ப வாங்குவார்கள். வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அடுத்த எஞ்சினையும் இவனிடமே கொடுப்பார்கள்.

இவனுடைய வீட்டுக்கு அடுத்த வீடு மெல்வினாவுடையது. அவள் புருஷன் டட்லி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஆறு வருஷத்தில் அவள் வீட்டு வராந்தா மின்விசிறியை ஓவீட் பதினோரு தடவை கழற்றி மாட்டியிருக்கிறான். தான் தொட்ட எஞ்சின் இருபது வருஷம் ஓட வேண்டும் என்று நினைக்கிற ஆள், ஒரு விசிறியைப் பதினோரு தடவை பழுது பார்த்தால் என்ன அர்த்தம்? மெல்வினாவும் லேசுப்பட்டவள் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பொரித்த கெளுத்தி மீன் ஒரு தட்டு, வேலிக்கு மேலாக இந்தப் பக்கம் வரும். ஊருக்கே தெரியும். எங்கள் பாதிரியாருக்குக்கூடத் தெரியும். இது தெரியாதவர்கள் ஊரில் இரண்டே பேர்தான், அந்த இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வானிலை பேசிக்கொண்டிருப்பார்கள்.

போன டிசம்பரில் மெல்வினாவின் மகள் ஷாந்தெல் வடக்கே மினசோட்டாவிலிருந்து வந்தாள். அம்மா தனியாக இருக்கக் கூடாது, வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மெல்வினா முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொன்ன மாதிரி தெரியவில்லை. ஆனால் பத்து நாளில் வாசலில் விற்பனைப் பலகை நின்றது. பக்கத்து நகரம் லஃபாயெட்டிலிருந்து ஒரு ஜோடி வந்து பார்த்தது, பிடித்துவிட்டது. ஜனவரி மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை ஆள் வந்து வீட்டைச் சோதிப்பான், எல்லாம் சரியாக இருந்தால் கையெழுத்து என்று பேச்சு.

ஓவீட்டிடம் போய் நான் கேட்டேன்.

"ஏன்டா, அவ போறாளாமே. நீ ஒண்ணும் சொல்லலயா?"

"என்னத்த சொல்ல?"

"போகாதன்னு சொல்லு."

"அவங்க பொண்ணு கூப்பிடுறா. நான் யாரு, அக்கா, நடுவுல?"

"விசிறி மாட்டுறவன்" என்றேன். அவனுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் டிவியில் அந்தச் செய்தி வந்தது. செவ்வாய்க்கிழமை பனி விழும். அரை அடிக்கு மேல் விழும். புதன்கிழமை விடியும்போது உறைநிலைக்கும் இருபது டிகிரி கீழே போகும். வானிலை சொல்கிறவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குக்கூட வேர்வை துடைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிற ஊர் இது.

ஊருக்குக் கிறுக்குப் பிடித்தது. கடையில் ரொட்டி, பால், பேட்டரி, தொத்திறைச்சி, ஒன்று மிச்சமில்லை. எல்லா வீட்டு வெளிக் குழாயிலும் காலுறை ஏறியது. ஒவ்வொரு ஆரஞ்சு மரத்துக்கும் ஒரு படுக்கை விரிப்பு. எங்கள் தெருவில் நடந்தால் வரிசையாகப் பேய்கள் நிற்கிற மாதிரி இருந்தது. யார் வீட்டு விரிப்பில் எத்தனை கிழிசல் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. என் வீட்டுக்காரர் கர்லி, முற்றத்தில் இருக்கிற மாதா சிலைக்குத் தன்னுடைய வேட்டை ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பை ஏற்றி விட்டார்.

"யோவ், அது சிமெண்ட் மாதாய்யா. அதுக்கு என்ன குளிரு?" என்றேன்.

"நமக்கு என்ன தெரியும்? இருக்கட்டும்" என்றார்.

கோழிகளைக் குளியலறையில் விட்டார். குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன் நான். இரண்டையும் சேர்த்து யோசிக்க அவருக்கு வரவில்லை. அதில் முங்கின ஒரு கோழியை எடுத்து, என் தலைமுடி உலர்த்தும் மெஷினில் காய வைத்தேன். அதற்குப் பிறகு அது என்னை விட்டு நகரவில்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் ஓவீட் மட்டும் அமைதி. தண்ணீர் உறைந்தால் பைப் வெடித்துவிடும் என்று, அவனுடைய வீட்டுப் பைப்பையெல்லாம் அவன் அக்டோபரிலேயே சுற்றி முடித்திருந்தான். வருஷா வருஷம் சுற்றுவான், வருஷா வருஷம் ஊர் சிரிக்கும். திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் மெல்வினா வீட்டுக்கு அடியில் இருந்தான்.

எங்கள் ஊர் வீடுகள் இரண்டரை அடிச் செங்கல் தூண்கள் மேல் நிற்பவை. வெள்ளம் வந்தால் வீட்டுக்கு அடியால் போகட்டும் என்று. வெள்ளத்துக்குச் சரி. குளிர்காற்றுக்கு அதே இடம்தான் நடைபாதை, தண்ணீர் பைப்பெல்லாம் அங்கேதான் தொங்கும். வயிற்றால் ஊர்ந்து போய்த்தான் எதையும் செய்ய முடியும். காப்பியோடு போனேன். தரையில் படுத்து எட்டிப் பார்த்தால், நடுவில் ஒரு விளக்கு வெளிச்சத்தில் அவனுடைய பூட்ஸ் தெரிந்தது. பைப்புக்கு ஃபோம், அதற்கு மேல் கம்பளித் துண்டு, அதற்கு மேல் டேப். ஒவ்வொரு சுற்றையும் விரலால் தடவித் தடவிப் பார்க்கிறான்.

"ஓவீட்."

"ம்."

"நான் சொல்றத கொஞ்சம் கேளு. பைப்பு வெடிச்சா வெள்ளிக்கிழமை வர்றவன் வீட்ட வாங்க மாட்டான். வீடு விக்கலன்னா இவ போக மாட்டா."

"தெரியும்."

"தெரியுதுல்ல? அப்ப ஒரே ஒரு வளைவ விட்டுட்டு வா. சும்மா மறந்த மாதிரி. உன்ன யாரு கேக்கப் போறா?"

டேப் கிழிக்கிற சத்தம் நின்றது. ஆள் யோசிக்கிறான், இந்தத் தடவை புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எந்த வளைவ?" என்றான்.

"ஏதோ ஒண்ணு. அந்த மூலைல இருக்கே, அது."

விளக்கு அந்த மூலைக்குத் திரும்பியது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"அதான்க்கா வடக்குக் காத்து நேரா அடிக்கிற எடம். நல்லவேள சொன்ன. அதுக்கு ரெண்டு சுத்து சேத்துப் போடணும்."

காப்பியை நானே குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

மத்தியானம் காற்று திரும்பியது. வெயில் இருந்தபடியே இருக்க, வடக்கிலிருந்து ஒரு காற்று வந்து எல்லோர் வீட்டு விரிப்பையும் ஒரே சமயத்தில் தூக்கியது. ஓவீட் எங்களைக் கூப்பிட்டான். பைப் வேலை கிட்டத்தட்ட முடிந்தது, இனி தூணுக்குத் தூண் இருக்கிற இடைவெளியை வைக்கோல் கட்டு வைத்து அடைக்க வேண்டும், வடக்குப் பக்கம் தகரம் அடிக்க வேண்டும், நீங்கள் ஆரம்பியுங்கள், நான் வீட்டுக்குப் போய் இன்னொரு டேப் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் கர்லியும் வண்டியிலிருந்து வைக்கோலை இறக்கி அடுக்கினோம். அறுபத்தாறு வயதில் எனக்கும் இடுப்பென்று ஒன்று இருக்கிறது. கர்லி ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு தடவை நிமிர்ந்து, வானத்தைப் பார்த்து, பனி எப்போது விழும் என்று குழந்தை மாதிரி கேட்டார். நாலு மணிக்குக் கடைசித் தகரத்தை அடித்தோம். ஓவீட் திரும்பி வரவில்லை. மனசு தாங்காமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மெல்வினா உள்ளே கூப்பிட்டாள். அடுப்பில் கோழியும் தொத்திறைச்சியும் போட்ட கம்போ குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மார்டி கிரா பண்டிகைக்கான வட்டக் கேக் ஒன்றை வெட்டி வைத்தாள். முதல் வாயிலேயே கர்லியின் பல்லில் கேக்குக்குள் இருந்த பிளாஸ்டிக் பாப்பா மாட்டியது. பாப்பா யாருக்குக் கிடைக்கிறதோ அவர்தான் அடுத்த கேக் வாங்க வேண்டும். அவர் அந்தப் பாப்பாவை எனக்குத் தெரியாமல் என் தட்டுக்குத் தள்ளிவிடப் பார்க்க, நான் அவர் கையில் ஒன்று வைக்க, அப்போது என் காலடியில் யாரோ தட்டினார்கள்.

மூன்று தட்டு. நிறுத்தி, மறுபடி மூன்று தட்டு.

"எலி" என்றார் கர்லி.

"எலி எண்ணித் தட்டுமா?" என்றாள் மெல்வினா.

நான் குனிந்து தரையைப் பார்த்துக் கேட்டேன். "யாரது?"

"நான்தான்க்கா" என்றது தரை.

"டேய், நீ எப்படிடா அங்க?"

"டேப்ப எடுத்துட்டு அந்தப் பக்கமா உள்ள வந்தேன். நீங்க இந்தப் பக்கமா மூடிட்டு வந்தீங்க."

"மூடுறப்பவே கத்த வேண்டியதுதானே?"

"நல்லா மூடுறீங்களான்னு பாத்துட்டிருந்தேன். உள்ள இருந்து பாத்தாதான் எங்க வெளிச்சம் வருதுன்னு தெரியும். கிழக்கு மூலைல ரெண்டு எடத்துல ஒழுங்கா அடைக்கல. அத்தான மறுபடி போகச் சொல்லு."

மெல்வினா தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கர்லி கேக்கும் கையுமாக எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் வெளியிலிருந்து அவர் குரலும் கீழேயிருந்து இவன் குரலும் கேட்டன. "இப்பத் தெரியுதா?" "இன்னும் தெரியுது. எடப்பக்கம்." "இப்ப?" "இன்னும் ஒரு விரல் அளவு." கர்லி பொறுமைசாலி. அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை.

மெல்வினா துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். நான் கேக்கைத் தின்றுகொண்டு இல்லாத மாதிரி இருந்தேன்.

"ஓவீட், குளிருதா?"

"இல்லீங்க. கதகதன்னு இருக்கு. அடைப்பு நல்லாத்தான் வந்திருக்கு."

"வெள்ளிக்கிழம ஆள் வர்றான். தெரியும்ல?"

"தெரியும்."

"ஒரு பைப்பு வெடிச்சாலும் வாங்க மாட்டாங்களாம்."

"வெடிக்காது."

அவள் கையைத் தரைப் பலகைமேல் வைத்திருந்தாள். பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்களா?"

"பத்து வருசத்துக்குக் கவலப்பட வேணாம். உங்களுக்கு ஒரு சிரமமும் வராம செஞ்சிருக்கேன். நீங்க நிம்மதியாப் போகலாம்."

தரை வழியாகக் கையை விட்டு அவன் குடுமியைப் பிடிக்க வழி இருந்தால் பிடித்திருப்பேன். குடுமியும் இல்லை, வழுக்கை. மெல்வினா மெல்ல எழுந்தாள். "ரொம்ப நன்றி" என்றாள், தபால்காரனிடம் சொல்வது மாதிரி. போய்க் குழம்பைக் கிண்ட ஆரம்பித்தாள். அவள் கிண்டிய வேகத்தில் கோழி எலும்பை விட்டுப் பிரிந்திருக்கும்.

ஒரு வைக்கோல் கட்டை நகர்த்தி அவனை வெளியே எடுத்தோம். தலையெல்லாம் சிலந்தி வலை, மூக்கில் மண். அழுக்காக இருக்கிறேன் என்று உள்ளே வர மாட்டேன் என்றான், வாசலில் நின்றே ஒரு கிண்ணம் குழம்பும் சோறும் சாப்பிட்டான். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளுக்குப் பாடம் வேறு நடத்தினான்.

"எல்லாக் குழாயையும் சொட்டுச் சொட்டா விட்டு வையுங்க, ஓடுற தண்ணி உறையாது. சுடுதண்ணி, பச்சத்தண்ணி ரெண்டும். தொட்டிக்குக் கீழ இருக்கிற கதவுகளத் தொறந்து போடுங்க, வீட்டுச் சூடு உள்ள போகும். ஹீட்டர அணைக்கவே அணைக்காதீங்க."

"சரி" என்றாள் மெல்வினா.

செவ்வாய்க்கிழமை காலை கண் விழித்தால் ஜன்னல் வெள்ளையாக இருந்தது. கர்லி என் கையைப் பிடித்து, கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக, ராத்திரி உடையோடு வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். பஞ்சு மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். பஞ்சு இப்படிக் கழுத்துக்குள் இறங்காது. பத்து மணிக்கு ஊரே தெருவில் இருந்தது. சறுக்கு வண்டி யாரிடம் இருக்கிறது எங்கள் ஊரில்? ஒருவன் படகை டிராக்டரில் கட்டி இழுத்தான், அதில் எட்டுப் பேர் துடுப்போடு உட்கார்ந்திருந்தார்கள். நண்டு வேக வைக்கிற அண்டாவின் மூடியில் பாதிரியார் அங்கியைச் சுருட்டிக்கொண்டு உட்கார, வாய்க்கால் கரையிலிருந்து யாரோ தள்ளி விட்டார்கள். அவர் போன வேகத்தில் ஜெபம் பாதியில் நின்றது. நான் பிஸ்கட் சுடுகிற தட்டில் சறுக்கினேன். ஆமாம், நான்தான். இரண்டு தடவை. கர்லி பனியில் தேவதை உருவம் பதிக்க மல்லாந்து படுத்துக் கையைக் காலை ஆட்டினார், பிறகு எழுந்திருக்க முடியாமல் மூன்று பேர் தூக்கினோம். சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

ஓவீட்டும் வந்தான். மெல்வினாவும் வந்தாள், டட்லியின் ரப்பர் பூட்ஸில். வேலியின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு பனி ரொம்ப வெள்ளையாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். என் காதால் கேட்டேன். நான் ஒரு உருண்டை பிடித்து என் தம்பியின் பின்மண்டையைப் பார்த்து எறிந்தேன், குறி தப்பவில்லை. திரும்பிப் பார்த்து, "ஏன்க்கா?" என்றான். ஏன் என்று கேட்கிறான்.

புதன்கிழமை விடிந்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தக் குளிர் எங்களைப் போன்றவர்களுக்கானது இல்லை. எங்கள் வீட்டில் மூன்று இடத்தில் பைப் வெடித்து, குளியலறைத் தரை கண்ணாடியாக உறைந்திருந்தது. அது கர்லி சுற்றிய பைப், செய்தித்தாளால். எங்கள் தெருவில் பதினாலு வீட்டில் வெடித்தது. நாங்கள் கோழிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஓவீட் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவன் காப்பி போட்டுக் கொடுத்தான். மெல்வினா வீட்டுப் பக்கம் இருக்கிற ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க வெடிச்சிருக்குமா?" என்று கேட்டேன். கடவுளே, வெடித்திருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் கேட்டேன்.

"வாய்ப்பே இல்ல" என்றான். சாவு வீட்டுக்குப் போய் வந்தவன் குரல்.

எட்டு மணி இருக்கும். யாரோ வேலியைத் தாண்டுகிற சத்தம் கேட்டது. வேலிக்குக் கதவு உண்டு, அதைத் திறக்கக்கூடப் பொறுமை இல்லை. கதவு தடதடவென்று அதிர்ந்தது. ஓவீட் திறந்தான். மெல்வினா. ராத்திரி கவுனுக்கு மேல் டட்லியின் கோட்டு, அதற்கு மேல் ஒரு போர்வை. மூக்கு சிவந்து, உதடு நடுங்கி, கோபத்தில் கண் இரண்டும் எரிந்துகொண்டிருந்தது.

"என் வீட்டுக்கு அடியில என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

ஓவீட்டின் முகம் வெளுத்துவிட்டது. "வெடிச்சிருச்சா?"

"வெடிக்கல. அதத்தான் கேக்குறேன். ஏன் வெடிக்கல?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் உள்ளே வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து சாயங்காலமே எல்லாக் குழாயையும் இறுக்கி மூடினேன். ஒரு சொட்டு விடல. தொட்டிக் கதவெல்லாம் சாத்தினேன். ஹீட்டர அணச்சிட்டு, மூணு போர்வையும் கோட்டும் போட்டுட்டு, இப்ப வெடிக்கும் அப்ப வெடிக்கும்னு ராத்திரி பூராக் காதத் தீட்டிட்டுப் படுத்திருந்தேன். பல்லு தந்தி அடிக்குது. விடிஞ்சதும் போய்க் குழாயத் தொறந்தா, தண்ணி கோடைகாலம் மாதிரி கொட்டுது."

"சொட்டு விடாமயா?" என்றான் ஓவீட். "ஹீட்டரும் இல்லாமயா?"

அவன் முகத்தில் ஒரு பெருமை வந்தது பாருங்கள். எஞ்சின் முதல் இழுப்பில் கிளம்பினால் வருமே, அது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்த கர்லி, இந்த ஊரில் எதையும் கடைசியாகப் புரிந்துகொள்கிற கர்லி, "மச்சான், அது இல்லடா விஷயம்" என்றார்.

அப்போதுதான் அவனுக்கு மெல்ல மெல்ல உறைத்தது. பெருமை முகத்தை விட்டு இறங்கியது. வேறு என்னவோ ஏறியது.

"ஏன் மூடினீங்க?" என்று கேட்டான், ரொம்பச் சின்னக் குரலில்.

"ஷாந்தெல்கிட்ட என்ன சொல்றது நான்? பைப்பு வெடிச்சிருச்சு, வீடு விக்கல, அதனால வர முடியலன்னு சொல்லலாம்னு இருந்தேன். அவ மனசும் நோகாது. இப்ப ஒரு சாக்கும் இல்லாமப் பண்ணிட்டீங்க." அவள் போர்வை முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பத்து வருசத்துக்குக் கவல இல்லன்னு வேற சொல்றீங்க."

ஓவீட் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய்க் கருவிப் பெட்டியைத் திறந்தான். இரும்பறுக்கிற ஆக்சா பிளேடை எடுத்தான். கோட்டைப் போட்டுக்கொண்டான்.

"எந்தப் பைப்ப அறுக்கணும், சொல்லுங்க."

"என்னது?"

"சமையக்கட்டா, குளியலறையா? நடுவுல அறுத்தா வெடிச்ச மாதிரி இருக்காது. வளைவுகிட்டக் கீறி விடுறேன். வர்றவனுக்குத் தெரியாது."

"நீங்க சுத்தின பைப்பையா?"

"ஆமா."

"அறுத்துருவீங்களா?"

"ரெண்டு நிமிஷம் ஆகும்" என்றான்.

தன் கையால் செய்த ஒரு வேலையைத் தானே கெடுக்கிறேன் என்று என் தம்பி சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. நான் அழுகிற ஜாதி இல்லை, ஆனாலும் கொட்டிவிட்டது. கர்லி கோழியை என் மடியில் வைத்தார், அதுதான் அவருக்குத் தெரிந்த ஆறுதல்.

மெல்வினா ஒரு அடி கிட்டே வந்து பிளேடைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "வேணாம். கீழ வை அத" என்றாள். "அந்தப் பைப்பு எனக்கு வேணும்."

கோட்டுப் பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். அங்கேயே நின்று மகளைக் கூப்பிட்டாள். ஷாந்தெலுக்குத் தொண்டை பெரிது, மினசோட்டாவிலிருந்து அவள் பேசியது அடுப்படி வரைக்கும் கேட்டது.

"அம்மா, எப்படி இருக்க? பைப்பு வெடிச்சுதா?"

"இல்லடி. ஒண்ணுகூட வெடிக்கல."

"அப்பாடா. அப்ப வெள்ளிக்கிழம வேலைய முடிச்சிரலாம்."

"வெள்ளிக்கிழம யாரும் வர வேணாம்னு சொல்லிரு. நான் வீட்ட விக்கல. நான் அங்க வரல."

"ஏம்மா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகாம யாராவது இப்படிச் சொல்லுவாங்களா? காரணம் சொல்லு."

மெல்வினா ஓவீட் பக்கம் திரும்பினாள். முகம் ஜிவ்வென்று சிவந்தது. காரணம் மூன்றடி தள்ளி, பிளேடை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. இப்போதும் இவன் வாய் திறக்கவில்லை என்றால், இந்தக் கோழி சாட்சியாக இவனோடு எனக்கு உறவே இல்லை என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

ஓவீட் பிளேடைக் காப்பிக் கிண்ணத்துக்குள் குத்தி வைத்தான். அவனுடைய வீட்டில் எந்தப் பொருளையும் அதன் இடத்தில் வைக்காமல் அவன் விட்டு நான் பார்த்ததில்லை.

"மெல்வினா" என்றான். "என்னக் கட்டிக்கிறீங்களா?"

மெல்வினா ஃபோனைக் காதிலிருந்து இறக்கினாள்.

"அம்மா" என்றாள் ஷாந்தெல். "யாரு பேசுறது அங்க?"

"கொஞ்சம் லைன்லயே இரு, ஷாந்தெல்" என்றாள் மெல்வினா. "இவருக்கு ஒரு பதில் சொல்லிட்டு வர்றேன்."